கை பொறுக்கும் சூடு

எங்கள் டிப்போ விதிப்புத்தகத்தின் இருபத்தேழாவது விதியை இன்றும் பார்க்காமல் சொல்வேன். “பாரத்துடன் பத்து மைலுக்குக் குறையாமல் ஓடி வந்த வண்டியின் எஞ்சின் நீரை, ரேடியேட்டரின் மேல்தொட்டியில் தெர்மாமீட்டர் இட்டுச் சோதிக்க வேண்டும். வெப்பம் நூற்று அறுபது டிகிரி பாரன்ஹீட்டுக்கும் நூற்று எண்பத்தைந்துக்கும் இடையில் இருந்தால் வண்டி சரியானது. அதற்கு மேலே போனாலும், கீழே நின்றாலும் அது பழுதுள்ள வண்டி. காரணம் கண்டு நீக்கும்வரை அதைச் சாலைக்கு விடலாகாது.”

மொத்தம் நான்கு வாக்கியங்கள். மேலே போனால் என்ன ஆகும் என்பது எங்கள் டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். கீழே நின்றால் என்ன ஆகும் என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மெக்கானிக்குகள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் இப்போது வேலையில் இருப்பவர்கள். இப்போதைய லாரிகளில் டிரைவரின் கண்ணெதிரேயே முள் வைத்த ஒரு வட்டம் இருக்கிறதாம். முள் பச்சைக் கோட்டுக்குள் நின்றால் எஞ்சினின் வெப்பம் சரி என்று அர்த்தமாம். “உங்க காலத்துல எப்படி சார் பாத்தீங்க?” என்றார் ஒருவர். கையை வைத்துப் பார்த்தோம் என்றேன். இருவரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் இரண்டு வருஷம் மோட்டார் பொறி வகுப்பு. இங்கிலீஷ் புத்தகங்கள் நாலைந்து. ஒரு சர்டிபிகேட். பிறகு மதுரையில் தனியார் பஸ் பட்டறைகளில் பத்து வருஷம். யுத்தம் வந்ததும் நெல்லும் அரிசியும் ஊர் ஊராகக் கொண்டுபோகச் சர்க்கார் ஒரு லாரி டிப்போ திறந்தது. அதில் என்னை எஞ்சின் இன்ஸ்பெக்டராக எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு லாரிகள், இருபது டிரைவர்கள், ஒரு சூப்பரின்டெண்டெண்ட்.

சூப்பரின்டெண்டெண்டின் பெயர் தர்மலிங்கம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்பார். கேட்டு முடித்ததும், “எழுத்துல குடுங்க” என்பார். எழுதிக் கொடுத்தால் வாங்கி, இரண்டு முறை படித்து, மேசைமேல் வைத்து அதன்மேல் கனமாக எதையாவது வைப்பார். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தை யாரும் பார்த்ததில்லை. அவருடைய இடது உள்ளங்கை முழுவதும் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். இளவயதில் திருமங்கலத்துச் சாலையில் கொதித்து நின்ற ஒரு வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திருகினாராம். நீராவி கையைத் தின்றுவிட்டது. அந்தக் கையை எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் சுற்றியிருப்பார். சூடான எஞ்சினை அவர் வெறுத்ததற்கு நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் வண்டிகள் திரும்பி வரிசையாக நிற்கும். தர்மலிங்கம் ஒவ்வொரு வண்டியாக வருவார். நல்ல கையை, அதாவது வலது உள்ளங்கையை, ரேடியேட்டரின் மேல்தொட்டியில் பதித்து எண்ணத் தொடங்குவார். டிரைவர் பக்கத்தில் கைகட்டி நிற்க வேண்டும். பத்துவரை கை எடுக்காமல் எண்ண முடிந்தால், “நல்லது” என்பார். முடியாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அந்த டிரைவருக்கு இரண்டு நாள் வண்டி கிடைக்காது.

பத்து எண்ணும்வரை கை பொறுக்கும் சூடு என்பது நூற்றிருபது டிகிரி. அதற்கு மேல் மனிதத் தோல் தாங்காது. விதி கேட்பதோ குறைந்தது நூற்று அறுபது. ஆக, அவர் “நல்லது” என்று சொன்ன ஒவ்வொரு வண்டியும் விதிப்படி பழுதுள்ள வண்டி. டிப்போவில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. உடையும் பொருள் என்பதால் அதை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

இந்தக் கைச் சோதனை வருவதற்கு முன்பு எந்த வண்டியும் அவ்வளவு குளிர்ச்சியாக ஓடவில்லை. நாற்பத்திரண்டு கோடையில் இரண்டு வண்டிகள் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் கொதித்து நின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். கண்ட கிணற்று உப்புத் தண்ணீரையெல்லாம் ஊற்றி ரேடியேட்டர் குழாய்கள் பாதி அடைத்துப் போயிருந்தன. குழாய்களைச் சோடா உப்பால் கழுவ வேண்டும், விசிறி பெல்ட்டை இறுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படித்தான் சொன்னேன்.

தர்மலிங்கம் முழுவதும் கேட்டார். பிறகு, தெர்மோஸ்டாட் வால்வு எதற்கு என்று கேட்டார். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் சின்னப் பித்தளைக் கதவு அது. எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கும். வந்த பிறகு தானாகத் திறக்கும். எஞ்சின் சீக்கிரம் சூடாக வேண்டும், சூடு குறையவும் கூடாது என்பதற்காக வைத்தது.

“சூடாகுறதுக்கா?” என்றார். “மதுரையில?”

பதினான்கு வண்டிகளிலிருந்தும் வால்வைக் கழற்றச் சொல்லி அன்றே உத்தரவு போட்டார். கூடாது, எஞ்சினுக்குக் கேடு என்றேன். “எழுத்துல குடுங்க” என்றார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். புது வேலை, வயதான தகப்பனார், யுத்த காலம். இவையெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்ட காரணங்கள். சாயங்காலமாகிவிட்டது, மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன் என்பதுதான் நிஜம். மறுநாள் காலை குழாய்களைக் கழுவி, வால்வுகளையும் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த வண்டியும் கொதிக்கவில்லை. குழாயைக் கழுவியதாலா, வால்வைக் கழற்றியதாலா என்று கேட்பாரில்லை. பதின்மூன்று வால்வுகள் ஸ்டோரில் ஒரு டப்பாவுக்குள் போயின. ஒன்றை மட்டும் தர்மலிங்கம் எடுத்துத் தன் மேசையில் காகிதங்களின் மேல் பாரமாக வைத்துக்கொண்டார்.

டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். எஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு பெருமை என்றாகிவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருமாள் என்ற டிரைவர் தன் வண்டியில் கையை வைத்து இருபதுவரை எண்ணிக் காட்டுவார். “உன் வண்டியில வெந்நீ வச்சுக் குளிக்கலாம் மாப்ள. என் வண்டியில மோர ஊத்தி வச்சாலும் புளிக்காது” என்று அடுத்த வண்டிக்காரரைக் கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் வாராவாரம் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவேன். அச்சடித்த அந்தத் தாளில் வெப்பத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எஞ்சின் அதிகம் சூடேறுகிறதா? ஆம் அல்லது இல்லை. இல்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை சிக்கந்தர் பாய் என்னைத் தேடி வந்தார். காஜிமார் தெருப் பக்கத்துக்காரர். வயது நாற்பது இருக்கும். டிப்போவிலேயே நிதானமான டிரைவர். வண்டியைக் கிளப்பும் முன் எண்ணெய்க் கம்பியை உருவி அளவு பார்க்காமல் ஏற மாட்டார். அந்தக் கம்பியைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார்.

“சார், எண்ணெய் கூடுது” என்றார்.

“ஊத்தினா கூடும் பாய்.”

“நான் ஊத்தல. போன வாரம் இந்தக் கோட்டுல நின்னுச்சு. இப்ப இம்புட்டு மேல வந்துருக்கு. எறங்கித்தான் பாத்துருக்கேன் சார். ஏறி இப்பத்தான் பாக்குறேன்.”

கம்பியை வாங்கி மோந்து பார்த்தேன். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன். வழுவழுப்பு இல்லை, தண்ணீர் போல ஓடியது. பெட்ரோல் வாடை அடித்தது.

குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் முழுதும் ஆவியாவதில்லை. மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே பூசியிருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அடித்தொட்டி எண்ணெயில் கலக்கும். எண்ணெயின் அளவு ஏறும், தரம் இறங்கும். பார்க்கிறவனுக்கு எண்ணெய் நிறைந்திருக்கிறது என்று சந்தோஷமாக இருக்கும். உள்ளே பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டிருக்கும்.

அன்று எழுத்தில் கொடுத்தேன், தெர்மாமீட்டர் வேண்டுமென்று. மூன்றாம் நாள் கிடைத்தது. சிக்கந்தர் பாயின் வண்டியில் மூட்டைகளை ஏற்றி, கப்பலூர் கண்மாய்க் கரைவரை போய்த் திரும்பினோம். எஞ்சினை நிறுத்தாமல் மூடியைத் திறந்து, தெர்மாமீட்டரைக் கம்பியில் கட்டி இறக்கினேன். குமிழ் தொட்டியின் உலோகத்தைத் தொடக்கூடாது. தண்ணீருக்கு நடுவே தொங்க வேண்டும். மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். வெளியே எடுத்துப் படிக்கக்கூடாது, எடுத்தால் இறங்கிவிடும்; உள்ளே இருக்கும்போதே குனிந்து படிக்க வேண்டும். படித்தேன். நூற்றுப் பதினெட்டு.

“எம்புட்டு சார்?” என்றார் சிக்கந்தர் பாய். சொன்னேன். “கூடவா, கொறயவா?” என்றார். நாற்பது டிகிரி குறைவு என்றேன். “நாங்க இதுக்குத்தான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தமா?” என்றார்.

சோதனைத் தாளில் ‘இல்லை’ என்று எழுதி, ஓரத்தில் நூற்றுப் பதினெட்டு என்று குறித்தேன். தர்மலிங்கம் என்னைக் கூப்பிட்டார். “ஓரத்துல எழுத எடம் விடல. சுத்தமா ஒரு பிரதி எடுத்துக் குடுங்க” என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதில் ஓரம் வெறுமையாக இருந்தது. வால்வைத் திரும்ப மாட்ட வேண்டும், பதினான்கு வண்டிக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று வாயால் சொன்னேன். கோட்டுக்கு மேல் நிற்கும் எண்ணெயை யுத்த காலத்தில் கீழே கொட்டுவதா என்று கேட்டார். அவர் கேட்டவிதத்தில் எனக்கே அது அநியாயமாகப் பட்டது.

வெளியே வந்து சிக்கந்தர் பாயிடம் ஒரு வழி சொன்னேன். கடைசியில் அவரை ஒழித்தது அதுதான். ரேடியேட்டரின் முகத்தில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு ஓட்டச் சொன்னேன். காற்று பாதியாகக் குறையும், எஞ்சின் சூட்டுக்கு வரும். குளிர் நாடுகளில் எல்லோரும் செய்வது. கணவாய் ஏற்றம் தொடங்கும் முன் மட்டும் அவிழ்த்துவிட வேண்டும். மேலே ஏறி இறங்கியதும் திரும்பக் கட்ட வேண்டும்.

முதல் நாளே டிப்போ முழுக்கச் சிரித்தது. “என்ன பாய், வண்டிக்குக் குளிருதா? ஒரு சொட்டரு பின்னிப் போடுங்கண்ணே” என்றார் பெருமாள். சாயங்காலம் தர்மலிங்கம் வந்து கையை வைத்தார். நாலு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். சாக்கைப் பார்த்தார். “அவுத்துருங்க” என்றார். கோபமே இல்லை. சாக்கு யார் யோசனை என்று அவர் கேட்கவில்லை. நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், நானும் சொல்லவில்லை.

சிக்கந்தர் பாய் சாக்கை அவிழ்த்து மடித்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வண்டி காளவாசலைத் தாண்டியதும் இறங்கிச் சாக்கைக் கட்டுவார். திரும்பும்போது காளவாசலுக்கு வெளியே அவிழ்த்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை நின்று வருவார். எனக்குத் தெரிந்தேதான் நடந்தது. நான் கேட்காமல் அவர் தன் எண்ணெயைத் துணியில் வடிகட்டிக்கூடப் பார்த்தார். ஆனால் கலந்த பெட்ரோல் துணியில் நிற்காது. நாலைந்து மாதக் குளிர்ச்சியில் பேரிங்குகள் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

நாற்பத்துமூன்று மார்ச்சில், நெல் மூட்டைகளோடு கணவாய் ஏறும்போது சிக்கந்தர் பாயின் எஞ்சின் உடைந்தது. பேரிங் உருகி, கனெக்டிங் ராடு எஞ்சின் உடம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. அதோடு தண்ணீர் ஓடும் அறையும் கிழிந்து, ரேடியேட்டர் தண்ணீர் மொத்தமும் ரோட்டில் ஆவியாகப் போயிற்று. அவருக்குக் காயமில்லை.

தர்மலிங்கமும் நானும் ஒரே காரில் போனோம். அவர் ரேடியேட்டர் மூடியைக் கைக்குட்டையால் பிடித்துத் திறந்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. இருக்கையைத் தூக்கினார். மடித்த சாக்கு இருந்தது. அதை விரித்து, ரேடியேட்டரின் வரிகள் அதில் பதிந்திருந்ததைப் பார்த்தார்.

“தண்ணி இல்லாம, மூடிக் கட்டி ஓட்டிருக்கான். கொதிச்சு ஒடஞ்சுருக்கு” என்றார். சிக்கந்தர் பாய் என்னைப் பார்த்தார்.

எஞ்சினை நான் பிரித்தேன். கொதித்து உடைந்த எஞ்சினுக்கு அடையாளங்கள் உண்டு: பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக் கோடு விழுந்திருக்கும், மேல்மூடி வளைந்திருக்கும், கேஸ்கெட் கருகியிருக்கும், ரேடியேட்டரின் ஈயப்பற்று இளகியிருக்கும். இங்கே ஒன்றுகூட இல்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், மேல்மூடி நேராக இருந்தது. அடித்தொட்டியில் மிஞ்சியிருந்த எண்ணெயை ஒரு பாட்டிலில் பிடித்து, அரக்கு வைத்து, இரண்டு பிட்டர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன்.

விசாரணை மே முதல் வாரத்தில் நடந்தது. தன் உத்தரவு சம்பந்தப்பட்ட விஷயத்தை அதே அதிகாரி விசாரிக்கக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. அதையும் நான் சொன்னேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வாங்கி வால்வுக்கு அடியில் வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

என் முறை வந்தபோது மூன்று கேள்விகள் கேட்டார். ஹெட் கிளார்க் எழுதிக்கொண்டிருந்தார்.

“உடைஞ்ச வண்டியை வாராவாரம் சோதிச்சது நீங்கதானே?”

“ஆமாம்.”

“பத்து மாசத்துல ஒரு தடவையாவது எஞ்சின் அதிகம் சூடேறுதுன்னு எழுதியிருக்கீங்களா?”

“இல்லை. ஆனால்—”

“ரேடியேட்டர்ல சாக்கு கட்டினா எஞ்சின் சூடு கூடுமா, கூடாதா?”

“கூடும். அதற்காகத்தான்—”

“மிச்சத்த எழுத்துல குடுங்க.”

ஆம், இல்லை என்று பதில் சொல்லிப் பழகியவனுக்கு மூன்றாவது விதமான பதில் ஒன்று உண்டு என்பது சமயத்தில் மறந்துவிடுகிறது. அந்த அறையில் எழுந்து நின்று, சாக்கைக் கட்டச் சொன்னது நான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. சாக்கை ஏன் கட்டினாய் என்று அடுத்து சிக்கந்தர் பாயிடம் கேட்டார். “எனக்குத் தோணுச்சு, கட்டுனேன் சார்” என்றார் அவர். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரா, நானாகச் சொல்லட்டும் என்று இடம் விட்டாரா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

மே ஆறாம் தேதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பார். அவருடைய லைசென்ஸ் புத்தகத்தில் சிவப்பு மசியில் ‘கவனக்குறைவால் எஞ்சினை நாசம் செய்தவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரி அழியாமல் எந்தப் பஸ்காரரும் லாரிக்காரரும் அவரைத் தொடமாட்டார்கள். ஸ்டியரிங்கைத் தவிர வேறு தொழில் அவருக்குத் தெரியாது. வாசலில் என்னை நிறுத்தி, “நீங்க எழுதுங்க சார். நீங்க எழுதுனா மெட்ராசுல கேப்பாக” என்றார்.

அன்றே எழுதினேன். பதினோரு பக்கம். விதி இருபத்தேழு, வால்வைக் கழற்றிய உத்தரவு, நூற்றுப் பதினெட்டு டிகிரி, கூடிய எண்ணெய், நேராக இருந்த மேல்மூடி, எல்லாம் எழுதினேன். சாக்கைக் கட்டச் சொன்னவன் நான். டிரைவர் என் சொல்லைக் கேட்டார், அவ்வளவுதான் அவர் செய்த பிழை என்று முடித்தேன். மேல்முறையீட்டை மேலதிகாரியிடம் கொடுக்கும்போதே அதன் முன்பிரதி ஒன்றை நேராகச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப விதியில் இடமுண்டு. பாட்டிலையும் சேர்த்து ரயில் பார்சலில் அனுப்பினேன். பதில் மட்டும் நேராக வராது, மேலதிகாரி வழியாகத்தான் வரும். அதுவும் விதிதான்.

பதில் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டு எழுதலாம் என்று விதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதினேன். நினைவூட்டுக்கு முன்பிரதி கிடையாது. அதனால் ஒவ்வொன்றையும் தர்மலிங்கத்தின் கையில்தான் கொடுத்தேன். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஒரு ரயில் டிக்கெட் எடுத்துச் சென்னைக்கு நேரில் போய்க் கேட்டிருக்கலாம். போகக்கூடாது என்று விதி இல்லை. போகலாம் என்றும் இல்லை. அதனால் போகவில்லை.

முதல் வருஷம் சிக்கந்தர் பாயைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், “எழுதுனது என்னாச்சு சார்?” என்று கேட்பார். இன்னும் வரவில்லை என்பேன். எத்தனை பஸ் முதலாளிகள் அவர் லைசென்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். இரண்டாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டார். சலாம் மட்டும் வைப்பார். அந்தச் சலாமில், நீ எழுதவே இல்லை என்பது இருந்தது. நான் எதைக் காட்டி மறுப்பது? பிறகு ரயில் நிலையத்து வாசலில் ஜட்கா வண்டி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

மற்றப் பதின்மூன்று வண்டிகளில் ஐந்து அதே மாதிரி பேரிங் போய் நின்றன. அவற்றுக்கு விசாரணை இல்லை. அந்த டிரைவர்களிடம் சாக்கு இல்லையே. பெருமாளின் வண்டியும் அதில் ஒன்று. இருபதுவரை எண்ணிக் காட்டிய வண்டி.

யுத்தம் முடிந்தது. நாற்பத்தாறில் டிப்போவை மூடினார்கள். லாரிகள் ஏலத்துக்குப் போயின. தர்மலிங்கம் பெரிய பதவியில் வேறு ஊருக்குப் போனார். வழியனுப்பு விழாவில், அவர் காலத்தில் ஒரு வண்டிகூடக் கொதிக்கவில்லை என்று வாசித்தார்கள். நான் ஒரு பஞ்சாலையின் வண்டிக் கொட்டகைக்கு வேலை மாறினேன்.

அங்கே ஒருநாள் காலை, டிப்போவின் பழைய பியூன் ஒரு நீளமான உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹெட் கிளார்க் அனுப்பியிருந்தார். சூப்பரின்டெண்டெண்டின் மேசையைக் காலி செய்தபோது கிடைத்தது, தங்களுக்குச் சேர வேண்டியது என்று ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே சென்னையிலிருந்து வந்த கடிதம், என் பெயருக்கு, மேலதிகாரி வழியாக. காகிதத்தின் நடுவில் வட்டமாக ஒரு பச்சைக் கறை. பித்தளைக் களிம்பு. அந்த அளவு எனக்கு நன்றாகத் தெரியும். தெர்மோஸ்டாட் வால்வின் அடிவட்டம்.

பஞ்சாலையில் லீவு சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். சிக்கந்தர் பாய் குதிரைக்குப் புல் காட்டிக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. சலாம் வைத்தார்.

“பதில் வந்திருக்கு பாய்” என்றேன்.

“எதுக்கு?” என்றார்.

கடிதத்தைத் தமிழில் சொல்லி வாசித்தேன். அனுப்பிய எண்ணெயில் நாலில் ஒரு பங்கு பெட்ரோல் என்று சோதனையில் தெரிகிறது. எஞ்சின் உடைந்ததற்குக் காரணம் உரிய வெப்பத்துக்குக் கீழே நெடுநாள் ஓடியது. டிரைவர் சிக்கந்தர்மேல் குற்றமில்லை. லைசென்ஸில் எழுதிய குறிப்பை உடனே அடித்து, அவரை அதே டிப்போவில் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா வண்டிகளிலும் வால்வை மாட்டிவிட்டு, மாட்டியதை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

அவர் குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி கேட்டார்.

“அப்ப நீங்க எழுதியிருக்கீங்க” என்றார்.

“எழுதினேன் பாய்.”

“சாக்கக் கட்டச் சொன்னது நீங்கன்னும்?”

“அதையும்.”

தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஏதாவது இளகும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஒன்றும் இளகவில்லை. “பேப்பர்ல எழுதுனீங்க. அன்னைக்கு அந்த ரூம்புல சொல்லல” என்றார். குற்றம் சாட்டும் குரலில்கூட இல்லை. நடந்ததைச் சரிபார்க்கிறவர் போலத்தான் சொன்னார்.

பிறகு குதிரையைத் தட்டிக்கொடுத்தார். “இது மேல கைய வச்சா உள்ளது தெரியும் சார். காய்ச்சல்னா காய்ச்சல், இல்லன்னா இல்ல” என்றார்.

ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சனம் வெளியே வரத் தொடங்கியது. அவர் புல்லை எடுத்துக் கட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். “கடைசியில தேதி போட்டுருப்பாகளே, அத மட்டும் இன்னொருக்க வாசிங்க” என்றார்.

“ஜூன் பதினாலு, நாற்பத்துமூணு.”

மனதுக்குள் கணக்குப் பார்த்தார். “என்னிய அனுப்பி ஒன்றரை மாசங்கூட ஆகல” என்றார். கடிவாளத்தை எடுத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, “இன்னைக்கு என்ன தேதி சார்?” என்று கேட்டார்.

அக்டோபர் மூன்று, நாற்பத்தாறு என்றேன்.